நீதிமன்றம் அனுப்பும் பெற்றோர் வகுப்பு



"மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிற எனக்கு இனிமேல்தான் பிள்ளை வளர்க்கப் படிப்பிக்கப் போறாங்களோ?" குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு கையில் கிடைத்த ஒரு தகப்பன் கேட்ட கேள்வி இது. கேட்கும்போது அவருக்குக் கோபத்தை விட வெட்கமே கூடுதலாக இருந்தது. அந்த உத்தரவை அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னது யார் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூத்த மகள்தான்" என்றார். மகளுக்குப் பதினொரு வயது. (ஆளை இன்னார் என்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்தப் பிள்ளையின் விடயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவருடைய கேள்வி.

இங்கிலாந்தில் விவாகரத்துப் பெறுகின்ற எல்லாப் பெற்றோரும் வகுப்புக்குப் போகவேண்டும் என்று சட்டம் இல்லை. எங்கள் ஆட்களில் பலர் இதைக் குழப்பிக் கொள்கிறார்கள். இந்த நாட்டில் விவாகரத்து ஒரு விடயம், பிள்ளைகளின் ஏற்பாடு வேறொரு விடயம். 2022 ஏப்ரல் 6ஆம் திகதியில் இருந்து, விவாகரத்துக் கேட்பவர் மற்றவரின் பிழையைச் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பித்து 20 வாரங்களின் பின் நிபந்தனை உத்தரவு கேட்கலாம், அதற்கு 6 வாரங்களின் பின் இறுதி உத்தரவு. இந்த நடைமுறையில் பிள்ளை யாரோடு இருப்பது என்ற பேச்சே வருவதில்லை. தாயும் தகப்பனும் தங்களுக்குள் கதைத்து ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டால் எந்த நீதிபதியும் அதற்குள் தலையிட மாட்டார். வகுப்பு என்ற பேச்சும் எழாது.

இணக்கம் வராமல் ஒருவர் சி 100 என்ற படிவத்தை நிரப்பி நீதிமன்றம் போகும்போதுதான் கதை மாறுகிறது. அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. 2014 ஏப்ரலில் இருந்து, விண்ணப்பிப்பவர் முதலில் ஒரு மத்தியஸ்தரைச் சந்தித்து, நீதிமன்றம் போகாமல் தீர்க்க வழி உண்டா என்று அறிந்து வரவேண்டும். வீட்டு வன்முறை போன்ற காரணங்கள் இருந்தால் இந்தச் சந்திப்பில் இருந்து விலக்குக் கிடைக்கும்.

படிவம் போன பிறகு காஃப்காஸ் என்ற அமைப்பில் இருந்து தொடர்பு கொள்வார்கள். 2001இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, குடும்ப வழக்குகளில் பிள்ளையின் நலனைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிவுரை சொல்வது. அதன் அலுவலர்கள் சமூக சேவையாளர்களாகப் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் அவர்கள் கவுன்சிலின் ஆட்கள் அல்ல, உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வருபவர்களும் அல்ல. "சோஷல் சேர்விஸ் வந்திட்டுது" என்று பயந்து ரெலிபோனை எடுக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். எடுக்காமல் விட்டால் உங்கள் பக்கக் கதை இல்லாமலே முதல் அறிக்கை நீதிபதியிடம் போகும். பொலிசிலும் கவுன்சிலிலும் உங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதும் பதிவு உண்டா என்று பார்த்து, இரண்டு பேருடனும் தனித்தனியே ரெலிபோனில் கதைத்து எழுதுவதுதான் அந்த அறிக்கை.

பிறகு முதல் விசாரணை. கிழக்கு லண்டன்காரர் கனேறி வோர்வ் பக்கத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்துக்கும், மற்றவர்கள் ஹோல்போர்ன், பெல்தம், பார்னெற் போன்ற இடங்களுக்கும் போக நேரிடும். அன்றைக்கோ பிறகொரு நாளிலோ நீதிபதி, "இரண்டு பேரும் இந்த வகுப்பைச் செய்துவிட்டு வாருங்கள்" என்று உத்தரவிடலாம். அந்த அதிகாரத்தைக் கொடுத்தது 2006ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2008 டிசம்பரில். அப்போது தொடங்கிய வகுப்பு நாலு மணித்தியாலம் கொண்டது. ஒரே நாளில், அல்லது இரண்டு தடவையாக, ஒரு மண்டபத்தில் வேறு பெற்றோர்களுடன் இருந்து கேட்பது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய வகுப்பு வந்தது. 'பிள்ளைகளுக்காகச் சேர்ந்து திட்டமிடல்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். முதலில் வீட்டில் இருந்தே கணினியில் பார்த்துப் படிக்கும் பகுதி, அடுத்து வேறு பெற்றோர்களும் ஒரு பயிற்றுனரும் சேர்ந்து கலந்துரையாடும் குழு வகுப்பு, மூன்றாவதாகப் பிள்ளையின் நாட்களை எழுதி ஒழுங்குபடுத்தும் பெற்றோர் திட்டம். நீதிமன்றம் அனுப்பினால் கட்டணம் கிடையாது. நீங்களும் உங்கள் முன்னாள் கணவரோ மனைவியோ ஒரே குழுவில் இருக்க மாட்டீர்கள். இதைக் கேட்டதும் பலருக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது.

போகாமல் விட்டால் என்ன நடக்கும்? மறியலில் போடமாட்டார்கள். ஆனால் யார் போனார், யார் போகவில்லை என்பது நீதிமன்றத்துக்குத் தெரியவரும். பிள்ளைக்காக ஒரு சில மணித்தியாலம் ஒதுக்காதவர் என்ற எண்ணம் நீதிபதிக்கு வந்தால் அதை மாற்றுவது கடினம்.

அந்தத் தகப்பனின் வெட்கத்துக்கு வருகிறேன். இந்த வகுப்பு 'கெட்ட பெற்றோருக்கு' அல்ல. வைத்தியர், ஆசிரியர், பஸ் சாரதி எல்லோரும் ஒரே குழுவில் இருப்பார்கள். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கவோ வீட்டுப்பாடம் செய்விக்கவோ அங்கே சொல்லித் தருவதில்லை. கணவன் மனைவியாக இல்லாத இரண்டு பேர் எப்படித் தாய் தகப்பனாக மட்டும் இருப்பது என்பதே பாடம். அதை எங்கள் அப்பா அம்மாவிடம் நாங்கள் பார்த்துப் படிக்க வழியில்லை. ஊரில் பிரிந்தவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் பிரிந்தால் பிள்ளை அம்மம்மா வீட்டில் வளரும், தகப்பன் பக்கத்தோடு பேச்சு வார்த்தை நின்றுவிடும். இரண்டு வீட்டிலும் ஒரு பிள்ளை வளர்வது என்ற வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் மனந்திறந்து சொல்ல வேண்டும். "தகப்பன் இல்லாமல் வளர்ந்தால் என்ன, நாங்கள் வளரவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மை. இடம்பெயர்விலும் போரிலும், தகப்பன் முன்னால் வெளிநாடு போய்ப் பத்து வருடம் கழித்துக் கூப்பிட்ட குடும்பங்களிலும், எத்தனையோ பேர் அப்படி வளர்ந்தோம். ஆனால் அது நாங்கள் தெரிவு செய்தது அல்ல. அந்தத் தகப்பனின் படத்தைச் சுவரில் மாட்டி, "அப்பா வருவார்" என்று சொல்லித்தான் அம்மா எங்களை வளர்த்தார். உயிரோடு, பக்கத்து நகரத்தில், ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் தகப்பனைப் பற்றி "அவன் உனக்கு அப்பா இல்லை" என்று ஒரு பிள்ளை நாளாந்தம் கேட்பது வேறு. பிரிவை விடவும், பிரிந்தவர்களுக்கு இடையில் ஓயாமல் நடக்கும் சண்டைதான் பிள்ளையைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்பது இந்த வகுப்பில் சொல்லும் முதல் விடயம்.

எங்கள் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இங்கே வந்த எங்களில் பெரும்பாலானோருக்கு நீதிமன்றம் என்றால் முதல் அனுபவம் அகதி விண்ணப்ப மேன்முறையீடுதான். அங்கே வெல்வதற்கு என்ன செய்தோம்? எங்களுக்கு நடந்த கொடுமையை, திகதி பிசகாமல், ஆதாரத்தோடு, திரும்பத் திரும்பச் சொன்னோம். ஒரு திகதி மாறினாலும் பொய் என்றார்கள். அந்தப் பழக்கத்தோடு குடும்ப நீதிமன்றத்துக்கும் ஒரு பை நிறையக் கடிதங்களையும், ரெலிபோனில் படம் பிடித்த குறுஞ்செய்திகளையும், 2011இல் மாமியார் என்ன சொன்னார் என்ற குறிப்பையும் கொண்டு போகிறோம். ஊர்ச் சட்டமும் அப்படித்தான் எங்களைப் பழக்கியது. நாங்கள் அறிந்த இலங்கை விவாகரத்துச் சட்டம் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் ஒருவர் தவறு செய்தார் என்று காட்டினால்தான் விவாகரத்து.

இங்கே நீதிபதி பார்ப்பது வேறு. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் முதலாவது பிரிவு, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. யார் நல்ல கணவன், யார் நல்ல மனைவி என்று அவர் தீர்ப்பு எழுதப் போவதில்லை. வருகிற திங்கட்கிழமை பிள்ளையை யார் பாடசாலைக்குக் கொண்டு போவது, காய்ச்சல் வந்தால் யார் யாருக்குச் சொல்வது என்று கேட்பார். பழைய கணக்கை நிரூபிக்க வந்தவருக்கு இந்தக் கேள்விகள் அவமானமாகத் தெரிகின்றன. "நான் பட்டதை ஒருவரும் கேட்கவில்லை" என்று அழுதுகொண்டு வெளியே வருகிறார்கள். வகுப்புக்கு முதலே போய் வந்தவர்களுக்கு இந்த அதிர்ச்சி குறைவு, ஏனென்றால் நீதிபதி எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதில் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி உதை, மிரட்டல், காசைக் கையில் தராமல் கட்டுப்படுத்தல், வெளியே போகவிடாமை இருந்தால் அவை 'பழைய கணக்கு' அல்ல. அவற்றைக் காஃப்காஸ் அலுவலரிடமும் நீதிமன்றத்திலும் முதலே சொல்லுங்கள். 2021ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டம், பொருளாதாரக் கட்டுப்பாட்டையும் வன்முறை என்கிறது, அதைப் பார்த்தும் கேட்டும் வளரும் பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது. அப்படியான வழக்குகளில் வகுப்புப் பொருத்தமா, சந்திப்பே பாதுகாப்பானதா என்று நீதிமன்றம் தனியாக ஆராய வேண்டும். "குடும்ப மானம் போகும்" என்று மறைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்துச் சொன்னால், ஏன் முதலே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். தேசிய வீட்டு வன்முறை உதவி இலக்கம் 0808 2000 247, இருபத்துநாலு மணித்தியாலமும் இலவசம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு இப்படியான பிள்ளை வழக்குகளுக்குச் சட்ட உதவிப்பணம் பெரும்பாலும் இல்லை. ஆனால் வன்முறைக்கு ஆதாரம் இருந்து, வருமானமும் குறைவாக இருந்தால் இன்னும் கிடைக்கும். வைத்தியரின் கடிதமும் ஆதாரமாகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இனி அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு வருகிறேன். வகுப்பில் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது, பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள் என்று. "அப்பாவிட்டச் சொல்லு, சப்பாத்துக் காசு வரேல்லை எண்டு" என்பது தூது. எங்கள் வீடுகளில் பிள்ளை தூதுவராக மட்டும் இல்லை, மொழிபெயர்ப்பாளரும் அவர்தான். வைத்தியரிடம், கவுன்சிலில், வங்கியில் எல்லாம் எட்டு வயதில் இருந்தே அவர்தான் எங்கள் வாய். அதை ஒரு பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம். ஆனால் தாய் தகப்பன் மீதும், தகப்பன் தாய் மீதும் சுமத்திய குற்றச்சாட்டுகளை ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்து, விளங்கி, அதற்குத் தமிழ்ச் சொல் தேடி, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை சில வரிகளை விட்டுவிட்டுத்தான் வாசித்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. வகுப்புக்கான கடைசித் திகதியும் அந்த வரிகளில் ஒன்று.

ஆங்கிலம் போதாதென்றால் அதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். பிள்ளைகள் சம்பந்தமான வழக்குகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே ஒழுங்கு செய்யும், நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் விசாரணை நாளில் போய்க் கேட்டால் கிடைக்காது, படிவத்திலேயே கேட்க வேண்டும். வகுப்புக்கும் அப்படித்தான், அவர்கள் முதலில் தொடர்பு கொள்ளும்போதே மொழித் தேவையைச் சொல்லிவிடுங்கள். கணினி பழக்கம் இல்லாதவர்களும் அப்போதே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும் கடிதத்துக்கு ஒரு நண்பர், சொலிசிற்றர், அல்லது இலவச ஆலோசனை நிலையம் இருக்கிறது. பிள்ளை வேண்டாம்.

பெற்றோர் திட்டம் எழுதும் இடத்தில் எங்கள் ஆட்கள் தடுமாறுவது, அந்தப் படிவத்தில் எங்கள் வாழ்க்கைக்குக் கட்டம் இல்லை என்பதால். கிறிஸ்மஸ், ஈஸ்டர், பிறந்தநாள் என்று எழுதுவார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை நீங்கள்தான் எழுத வேண்டும். வார இறுதி அப்பாவோடு என்று ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டு, அப்பா குறொய்டனில், தமிழ்ப் பாடசாலை ஹரோவில் என்றால் பிள்ளையின் தமிழ் அந்த வருடத்தோடு சரி. நடன வகுப்பு, மிருதங்கம், தைப்பொங்கல், தீபாவளி, கோயில் தேர், எல்லாம் அப்படியே. எந்தக் கோயில் தேருக்கு யார் கொண்டு போவது என்பது சின்ன விடயம்போலத் தெரியும். கோயில் வீதியில் இரண்டு பக்கச் சொந்தங்களும் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து இழுத்ததைக் கண்டவர்களுக்கு அது சின்ன விடயம் அல்ல.

சாமத்திய வீட்டையும் எழுதுங்கள். சிரிக்க வேண்டாம். மகளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே, அந்த நாளில் மேடையில் யார் நிற்பது, மாமன் சடங்கை யார் செய்வது, மண்டபக் காசு யார் தருவது என்று அமைதியாக இருக்கும் காலத்தில் எழுதி வைப்பது நல்லது. முடிந்தால் இரண்டு வைபவம் வைக்காமல் இருப்பதும் நல்லது, இது என் சொந்த அபிப்பிராயம். அப்பம்மா, அம்மம்மாவோடு பிள்ளை ரெலிபோனில் கதைக்கும் நேரத்தையும் எழுதலாம். பேரன் பேத்தி பார்க்க முடியாத முதியவர்கள் நேரே வழக்குப் போட முடியாது, பொதுவாக முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். திட்டத்தில் ஒரு வரி இருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

இனி அடிக்கடி காதில் விழும் சில தவறான கதைகள். "கஸ்ரடி யாருக்கு?" என்று இன்றும் கேட்கிறோம். அந்தச் சொல்லை 1989ஆம் ஆண்டுச் சட்டமே கைவிட்டுவிட்டது. 2014இல் இருந்து பிள்ளை ஏற்பாட்டு உத்தரவு என்றுதான் பெயர், அதில் யாருக்கும் 'வெற்றி' இல்லை. "பன்னிரண்டு வயதானால் பிள்ளையே தீர்மானிக்கலாம்" என்பதும் சரியல்ல. பிள்ளையின் விருப்பத்தை வயதுக்கும் விளக்கத்துக்கும் ஏற்பக் கேட்பார்கள், தீர்மானம் நீதிபதியுடையது. "செலவுக் காசு தராவிட்டால் பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்பதும், "காட்டாவிட்டால் காசு தர மாட்டேன்" என்பதும் இரண்டும் பிழை. பராமரிப்புப் பணம் வேறு அலுவலகத்தின் வேலை, சந்திப்பு வேறு. பிள்ளை ஏற்பாட்டு உத்தரவு உங்கள் விசாவைத் தீர்மானிப்பதும் இல்லை. விசா கணவன் அல்லது மனைவியைச் சார்ந்து இருந்தால் அதற்கு வேறாக, உடனடியாக, தகுதி பெற்ற ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டு போவது பெரிய பிரச்சினை. பெற்றோர் பொறுப்பு உள்ள மற்றவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாடு கொண்டு போவது குற்றமாகலாம். பிள்ளை யாரோடு வசிக்க வேண்டும் என்று உத்தரவு உள்ளவர் மட்டும் ஒரு மாதத்துக்குக் குறைவாகக் கொண்டு போகலாம். பிள்ளைகளைக் கடத்துவதற்கு எதிரான ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001இல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. ஆகவே "சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்கு" என்று கேட்கும்போது மற்றவர் ஏன் பயப்படுகிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ரிக்கெற்றின் பிரதியையும் தங்கும் விலாசத்தையும் முதலே கொடுத்தால் பாதிச் சண்டை வராது.

இந்த வகுப்பு இங்கிலாந்துக்காரர் எங்களுக்காகக் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் வயது வராத பிள்ளைகள் உள்ளவர்கள் விவாகரத்துப் பெறுவதென்றால் குறைந்தது நாலு மணித்தியால வகுப்புக் கட்டாயம். ரொறன்ரோவில் உள்ள சொந்தங்களைக் கேட்டால், ஒன்ராறியோவில் 2011இல் இருந்து குடும்ப வழக்குக்காரர் இரண்டு மணித்தியாலத் தகவல் வகுப்புக்குப் போக வேண்டியிருப்பதைச் சொல்வார்கள். டென்மார்க்கில் 2019இல் கணினி வழி வகுப்பைக் கட்டாயமாக்கினார்கள். சிங்கப்பூரில் 2016 டிசம்பரில் தொடங்கியபோது, பிள்ளை விடயத்தில் இணக்கம் இல்லாத பெற்றோர் வகுப்புக்குப் போகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது என்றார்கள். அந்த நாடுகளோடு பார்த்தால் லண்டனில் விதி இளகியது.

அந்தத் தகப்பன் கடைசியில் போனார். என்ன படித்தீர்கள் என்று கேட்டதற்கு, "அவ என்னை விட்டிட்டுப் போனா எண்டு நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளையளுக்குச் சொல்லியிருக்கிறன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மகள் இப்போது கடிதம் வாசிப்பதில்லை.

இந்த விடயமாக எங்கள் நிலையத்துக்குக் ரெலிபோன் எடுக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பெயர், பாடசாலை, வழக்கு இலக்கம் எதையும் வானலையில் சொல்ல வேண்டாம். குடும்ப நீதிமன்றப் பத்திரங்கள் இரகசியமானவை, அவற்றை வாசித்துக் காட்டுவதும் வட்ஸ்அப்பில் சொந்தக்காரருக்கு அனுப்புவதும் உங்கள் வழக்கையே பாதிக்கும். "ஒரு தாய் கேட்கிறார்", "ஒரு தகப்பன் கேட்கிறார்" என்றால் போதும்.